தங்கவயல் லைன் வீடும் நாய்வாடையும்: தண்ணீர் இல்லாத தெருவுக்குத் தரப்படும் அறிவுரைகள் குறித்து

வளர்ப்பு விலங்கின் வாடையை வீட்டிலிருந்து போக்குவது எப்படி என்று சொல்லும் அறிவுரைகள் எல்லாவற்றினுள்ளும் ஒரு வீடு ஒளிந்திருக்கிறது. அந்த வீட்டில் தரைவிரிப்பு உண்டு, உறை கழற்றித் துவைக்கத்தக்க சோபா உண்டு, எதிரெதிரே திறக்கும் சன்னல்கள் உண்டு, துவைக்கும் இயந்திரம் உண்டு. குழாயைத் திருகினால் தண்ணீர் உண்டு. கோலார் தங்கவயலின் லைன் வீட்டில் இவற்றுள் எதுவும் இல்லை. நாய் மட்டும் உண்டு. பல வீடுகளில் கோழியும், சிலவற்றில் ஆடும் உண்டு. ஒற்றை அறை, அதையொட்டி ஒரு சமையல் மூலை, தலைக்கு மேல் தகரமோ ஓடோ, வாசலில் கால் நீட்டிப் படுக்கும் அளவுக்கு ஒரு திண்ணை. இந்த வீட்டைப் பார்த்து ‘நாறுகிறது’ என்று சொல்பவர்கள் இரண்டு வகையினர். ஒருவர் நறுமணத் தெளிப்பானை விற்க வருகிறார். மற்றவர் ஆய்வேடு எழுத வருகிறார். இருவருமே அந்த வீட்டுக்குத் தவறு இழைக்கிறார்கள் என்பதே இங்கு முன்வைக்கப்படும் குற்றச்சாட்டு.

முதலில் இடத்தைப் பற்றி. 1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் இங்கே தங்கச் சுரங்கத் தொழிலில் இறங்கிய பின், வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள், பெரும்பாலும் தலித்துகள், நிறுவனம் அமைத்த மூங்கில் தட்டிக் குடிசைகளில் குடியேறினார்கள். 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கம்பி வழியாக இவ்வளவு தொலைவு வந்ததை இந்தியத் தொழில்வரலாறு பெருமையுடன் பதிவு செய்கிறது. அது வந்தது சுரங்கத்தின் இயந்திரங்களுக்காக. மேட்டில் அதிகாரிகளின் பங்களாக்கள், தாழ்வில் லைன்கள். ‘குட்டி இங்கிலாந்து’ என்று இவ்வூருக்கு வழங்கப்பட்ட பட்டம் அந்த மேட்டுக்கு மட்டுமே பொருந்தும்.

பங்களாக்களிலும் நாய்கள் இருந்தன. வீட்டுக்குள் உலவின, விரிப்புகளில் படுத்தன, மழையில் நனைந்து வந்து உதறின. காலனிய இந்தியாவில் நாயைக் குளிப்பாட்டவும் உலாவ அழைத்துச் செல்லவும் தனி வேலையாளை வைத்திருப்பது துரைமார் குடும்பங்களின் வழக்கம். வாடையை உணர்ந்து முகம் சுளித்த மூக்கும் அதைக் கழுவிய கையும் வெவ்வேறு ஆட்களுடையவை. அந்த நாயின் வாடை பற்றி எவரும் சமூகவியல் எழுதவில்லை. லைன் வீட்டில் மூக்கும் கையும் ஒருவருக்கே உரியவை, அதிலும் பெரும்பாலும் ஒரு பெண்ணுக்கே உரியவை என்பதனால்தான் அது ‘சுகாதாரப் பிரச்சினை’ ஆகிறது.

லைன் வீட்டுக்குள் பிறர் நுழைந்து சோதிப்பது புதிதன்று. தங்கத் திருட்டைத் தடுப்பதாகச் சொல்லி நிறுவனத்தின் காவலர்கள் தொழிலாளர் வீடுகளைச் சோதனையிட்ட வரலாறு உண்டு. 1930இல் தொழிலாளர் அனைவரின் கைரேகையையும் பதிவு செய்ய நிறுவனம் முனைந்தபோது லைன்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின; ஜானகி நாயரின் ‘மைனர்ஸ் அண்டு மில்ஹேண்ட்ஸ்’ அதை விரிவாகவே பேசுகிறது. தம் உடலும் வீடும் பிறருடைய பதிவேட்டில் ஏறுவதை எதிர்த்து நின்ற மக்களின் பேரப்பிள்ளைகளது வீட்டு வாசலில் நின்றுதான் இன்றைய பார்வையாளர் மூக்கைச் சுருக்குகிறார்.

இனி ஆய்வாளர் தரப்பு. அலேன் கொர்பேன் 1982இல் பிரான்சின் நாற்ற வரலாற்றை எழுதினார். கோபால் குருவும் சுந்தர் சருக்கையும் 2012இல் ‘தி கிராக்ட் மிரர்’ நூலில் தீண்டாமையைப் புலன்களின் வழி அணுகினார்கள். ஜோயல் லீ 2017இல் சாதி எவ்வாறு இடத்திலும் புலன்களிலும் பதிக்கப்படுகிறது என்பதை நாற்றத்தை வைத்துக் காட்டினார். இவை தவிர்க்க முடியாத எழுத்துகள். கருத்தரங்குகளில் இவற்றைக் கைமாற்றாக வாங்கிப் பேசும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ‘நாற்றம் என்பது சமூகக் கட்டமைப்பு; நாறுகிறது என்ற தீர்ப்பே அதிகாரத்தின் சொல்லாடல்’ என்று ஒரு வாய்பாடு உருவாகிவிட்டது. அதை ஒப்பிப்பவர், தீர்ப்புக்கும் பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை அழித்துவிடுகிறார். லீ போன்றோர் சொன்னது இதற்கு நேர்மாறானது: குப்பையும் சாக்கடையும் யாருடைய தெருவில் சேர்க்கப்படுகின்றன என்பதால் நாற்றம் மெய்யாகவே அங்கே இருக்கிறது, சாதி அதை அங்கே வைக்கிறது. அமோனியா சொல்லாடல் அல்ல. கண்ணைக் கரிக்கும், தொண்டையை அரிக்கும். நாள்தோறும் தரையைத் தேய்க்கும் பெண்ணிடம் போய் ‘அம்மா, இது ஒரு கட்டமைப்பு’ என்று சொல்ல எந்த ஆய்வாளருக்கும் துணிவு வராது. ஆனால் கட்டுரையில் சொல்லிவிடுகிறார்கள்.

பழந்தமிழில் நாற்றம் என்ற சொல் நறுமணத்துக்கும் உரியது என்பதைச் சுட்டிக்காட்டிவிட்டு நிறைவடையும் கட்டுரைகளும் ஏராளம். சொல் வரலாறு சரிதான். அதைவிடக் கூர்மையான சான்று நற்றிணையின் நாற்பத்தைந்தாம் பாட்டில் இருக்கிறது. நெய்தல் நிலத் தோழி, தேரில் வந்த செல்வனிடம் தங்கள் மேல் மீனின் புலால் வீசுவதாகவும் அவன் விலகி நிற்கலாம் என்றும் சொல்கிறாள். அவள் புலாலை மறுக்கவில்லை, அதற்காக நாணவும் இல்லை. அது எங்கள் தொழிலின் மணம், உனக்கு ஒவ்வாது என்றால் நீ தள்ளி நில் என்கிறாள். வாடை மெய், அதன் மீதான இழிவு பொய் என்ற இரண்டையும் ஒரே மூச்சில் பிடித்துக்கொள்ளும் அந்தத் திறமை இன்றைய கருத்தரங்கு அறைகளில் அரிதாகிவிட்டது.

அதனால் வேதியியலுக்குள் சற்று நின்றே ஆக வேண்டும். மானுடவியல் மாணவருக்கு இது கசக்கலாம்.

நாயின் புது மூத்திரத்தில் வாடை குறைவு. அதிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் யூரியேஸ் என்னும் நொதியால் சிதைக்கும்போதுதான் அமோனியா பிறக்கிறது. ஆகவே முதல் சில மணி நேரம்தான் எல்லாம். அதற்குள் துடைத்து, நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்திவிட்டால் பிரச்சினையே எழாது. விட்டுவிட்டால் சிமென்ட் தரையின் நுண்துளைகளில் அது இறங்குகிறது. மரக்கதவின் அடிக்கட்டையிலும் கோணிப்பையிலும் பழைய போர்வையிலும் ஏறுகிறது. மோப்பம் எஞ்சிய இடத்திலேயே நாய் மறுபடி காலைத் தூக்குகிறது. மழை நாளில் காற்று ஈரமாகும்போது, உலர்ந்து கிடந்த உப்பு ஈரத்தை இழுத்து வாடையை மீண்டும் எழுப்புகிறது. ‘வெயிலில் ஒன்றும் தெரியவில்லை, மழைக்கு நாறுகிறது’ என்று பெண்கள் சொல்வது பிரமை அன்று.

பூனையின் கதை வேறு. அதன் மூத்திரத்தில் ஃபெலினின் என்ற கந்தகம் கொண்ட அமினோ அமிலம் இருக்கிறது. அதை உருவாக்க உதவும் காக்சின் என்ற புரதத்தின் பங்கை ஜப்பானின் மியாசாகி குழுவினர் 2006இல் விளக்கினார்கள். ஃபெலினின் சிதையும்போது எழும் கந்தகச் சேர்மங்களே அந்தக் குத்தும் வாடைக்குக் காரணம். காயடிக்காத கடுவனில் அது மிகுதி. பூனை மூத்திரத்தின் வாடைக்கு ‘யூரிக் அமிலப் படிகங்களே’ காரணம் என்று துப்புரவுத் திரவ விளம்பரங்கள் ஓயாமல் சொல்கின்றன. யூரிக் அமிலத்தை முதன்மைக் கழிவாக வெளியேற்றுவது பறவைகள். அந்த விளம்பர வாசகம் பொருந்த வேண்டிய இடம் கோழிக்கூடு. ஆனால் கோழி வளர்ப்பவரிடம் அந்தத் திரவத்தை எவரும் விற்க வருவதில்லை, அவரிடம் அந்த விலை இல்லை என்பதால். கோழி எச்சம் உலர்ந்திருக்கும்வரை பெரிதாக வாடை தராது. நனைந்தால்தான் சிதைந்து அமோனியா விடும். ஒழுகும் தகரக் கூரையைச் சரிசெய்வதே அங்கே நாற்ற நீக்கத்தின் முதல் படி.

ஆட்டுக்கிடாவின் வாடையோ மூத்திரத்தால் மட்டும் வருவதன்று. தோல் சுரப்பிகளிலிருந்து வரும் கொழுப்பமிலங்களால் வருவது. இங்கேதான் பொது அறிவுரைகளின் அறியாமை வெளிப்படுகிறது. ‘வினிகரும் ஆப்பசோடாவும் கலந்து தெளியுங்கள்’ என்று எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தைச் சொல்கிறார்கள். வினிகர் புளிப்பு, சோடா காரம். இரண்டையும் கலந்தால் நுரை பொங்கி ஒன்றையொன்று முறித்துக்கொள்கின்றன. மிஞ்சுவது உப்புத் தண்ணீர். அமோனியா காரத்தன்மை உடையது, அதைப் பிடித்து வைக்கப் புளிப்பு வேண்டும்: நீர்த்த வினிகர், எலுமிச்சைச் சாறு. கிடாவாடை அமிலத்தால் வருவது, அதற்குக் காரம் வேண்டும்: ஆப்பசோடா, சவர்க்காரம். பழைய சிமென்ட் தரையில் வினிகரை நீர்க்க வைத்து, சிறிது நேரத்தில் கழுவிவிடவும் வேண்டும்; இல்லையேல் அது தரையையே அரிக்கும், துளைகள் பெருகும், அடுத்த முறை மூத்திரம் இன்னும் ஆழமாக இறங்கும். புளித்த மோரை ஊற்றினால் புளிப்போடு பாலின் எச்சமும் தங்கி வேறொரு வாடையைத் தொடங்கி வைக்கும்.

லைன்களில் முன்னோர் கைக்கொண்ட முறைகளை ‘மரபறிவு’ என்று பூசிக்க வேண்டியதில்லை. ‘மூடப்பழக்கம்’ என்று தள்ள வேண்டியதும் இல்லை. சாணமிட்ட மண்தரை ஒரு காலத்தில் நன்றாகவே வேலை செய்தது, ஏனெனில் ஊறிய மேற்பரப்பைச் சுரண்டிவிட்டுப் புதிதாக மெழுகலாம். சிமென்ட் தரையை அப்படிப் புதுப்பிக்க முடியாது. சாம்பல் ஈரத்தை உறிஞ்சும். ஆனால் அது காரம். நனைந்த சாம்பலை அங்கேயே விட்டால் அமோனியா அதிகமாகவே கிளம்பும், ஆகையால் உடனே கூட்டி அள்ள வேண்டும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது முதல் நாள் வாடை கூடுவதும் அதனால்தான். காற்றோட்டம் இருந்தால் அது வெளியேறும்; நுண்ணுயிர்கள் சாகும்; பிறகு வீடு தெளியும். அடுப்புக்கரியைத் துணியில் முடிந்து மூலையில் வைப்பது ஓரளவு பயன் தரும். சாம்பிராணி வாடையை நீக்காது, மேலே இன்னொரு வாடையைப் போர்த்தும். போர்த்துவதற்கும் நீக்குவதற்கும் உள்ள வேறுபாடு அறியாதவர்கள் அல்லர் சாம்பிராணி போடுகிறவர்கள். விருந்தினர் வரும் அரைமணி நேரத்துக்கு அது போதும் என்பது அவர்களுக்குத் தெரியும். தெளிப்பான் விற்பவரின் விளம்பரம் அந்த நேர்மையைக் கூடக் காட்டுவதில்லை.

மிகப் பெரிய கேடு இன்னொன்று. நகராட்சி தெளிக்கும் பிளீச்சிங் பவுடரையே வீட்டுக்குள் எடுத்து வந்து மூத்திரம் தேங்கிய மூலையில் கொட்டுவது பல ஊர்களின் வழக்கம். குளோரினும் அமோனியாவும் சேர்ந்தால் குளோரமின் வாயு பிறக்கும். அது நுரையீரலை எரிக்கும். எந்த நுரையீரலை? இந்தியாவில் சிலிகோசிஸ் நோய் முதன்முதலாக 1934இல் பதிவானது இதே கோலார் தங்கவயலில்தான். பாறைத்தூளை முப்பது ஆண்டுகள் மூச்சிழுத்த முன்னாள் சுரங்கத் தொழிலாளி அந்த ஒற்றை அறையின் கட்டிலில்தான் படுத்திருக்கிறார். அவருடைய அறைக்குள் ஃபினாயிலும் பாச்சா உருண்டையும் செயற்கை மல்லிகையும் ஏற்றுவதைச் சுகாதாரம் என்று எப்படிச் சொல்வது? ஃபினாயிலில் உள்ள பீனால் வகைச் சேர்மங்கள் பூனைக்கு நஞ்சு என்பது கால்நடை மருத்துவம் அறிந்த செய்தி. அவற்றைச் செரித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. வாடையைப் போக்க ஊற்றியது, மிதித்த காலை நக்கும் பூனையைப் போக்கிவிடும்.

நொதித் திரவங்கள் பயனுள்ளவைதாம். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவை வேலை செய்ய இடம் பல மணி நேரம் ஈரமாகவே இருக்க வேண்டும். முன்னதாக ஃபினாயிலோ பிளீச்சிங் பவுடரோ போட்டிருந்தால் அவற்றிலுள்ள நுண்ணுயிர்கள் செத்துப்போகும். ஏழு பேர் படுத்துறங்கும் ஒற்றை அறையில் தரையின் ஒரு பகுதியை இரவு முழுவதும் ஈரமாக விட்டுவைப்பது எங்ஙனம் என்று புட்டியின் மேலுள்ள குறிப்பு சொல்வதில்லை.

இவ்வளவையும் சொன்ன பின் ஒன்று தெளிவாகிறது. வாடை நீக்கம் என்பதில் பெரும்பகுதி உடனடியாகக் கழுவுவதும் உலர்த்துவதும்தான். அதாவது தண்ணீர். பாலாற்றின் பேத்தமங்கலம் நீர்த்தேக்கத்தை நம்பி வளர்ந்த இந்த நகரத்தில் குழாயில் நீர் வரும் நாளை எண்ணிக் காத்திருக்கும் தெருக்கள் எத்தனை என்பதை இங்கே குடியிருப்பவர் அறிவார். குடிக்கவும் சமைக்கவும் குடங்களில் அளந்து வைத்த நீரில் நாய் மூத்திரத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பது அந்தப் பெண் நாள்தோறும் போடும் கணக்கு. ‘தாராளமாக நீர் ஊற்றி அலசவும்’ என்ற வரியை எழுதியவருக்கு அந்தக் கணக்கு தெரியாது.

அடுத்தது வீட்டின் உரிமை. 2001 பிப்ரவரி இறுதியில் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. வேலை போனது, வீடு நின்றது; ஆனால் நின்ற வீடு யாருடையது என்ற கேள்வி இருபது ஆண்டுகளைத் தாண்டியும் இழுபடுகிறது. பத்திரம் இல்லாத வீட்டின் தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போட எவர் கடன் தருவார்? ஊறிப்போன கதவுக்கட்டையை மாற்றுவது யார் பொறுப்பு? நிறுவனம் இல்லை, குடியிருப்பவர் உரிமையாளர் இல்லை. 13 கழிவு மேடுகளில் கிடக்கும் சுமார் 3.3 கோடி டன் மண்ணில் எஞ்சிய தங்கத்தை மறுபடி எடுக்கத் திட்டங்கள் தீட்டப்படுகின்றன. அதே மேடுகளிலிருந்து காற்றுக்காலத்தில் பறக்கும் தூசுக்கு அஞ்சி லைன் வீடுகள் சன்னலைச் சாத்திக்கொள்கின்றன. சன்னலைச் சாத்தினால் வாடை தங்கும். ‘காற்றோட்டம் அவசியம்’ என்ற அறிவுரை சயனைடு மேட்டின் அடிவாரத்தில் என்ன பொருள் தருகிறது?

அப்படியானால் விலங்குகளை வளர்க்காமல் இருக்கலாமே என்று ஒருவர் கேட்பார். கேட்டும் இருக்கிறார்கள், படித்தவர்களே. மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் கிளம்பும் ரயிலில் வீட்டின் பெரியவர்கள் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்பும் ஊர் இது. பூட்டிய வீட்டுக்கும் அதனுள் இருக்கும் முதியவருக்கும் நாயே காவல். ஆடு வங்கிக் கணக்கு. கோழி பிள்ளையின் முட்டை. இந்தக் காரணங்களை அடுக்கும்போதே ஒரு கூச்சமும் எழ வேண்டும். அடுக்ககத்தில் லாப்ரடார் வளர்ப்பவரிடம் எவரும் காரணம் கேட்பதில்லை. பிரியம் என்ற ஒற்றைச் சொல் போதுமானதாக இருக்கிறது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், குடியிருப்போர் சங்கங்கள் செல்லப்பிராணிகளைத் தடைசெய்ய முடியாது என்கின்றன. அந்த வழிகாட்டுதலை எடுத்துக்காட்டி மின்தூக்கி உரிமைக்கு வாதாடுகிறது அடுக்ககம். வளர்ப்பு விலங்கு என்ற சொல்லுக்குள் லைன் வீட்டின் ஆட்டுக்கும் நாட்டு நாய்க்கும் இடம் இருக்கிறதா என்று கேட்க எவருமில்லை. பிரியம் அங்கும் உண்டு. அதற்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்பது ஏழையிடம் மட்டும்தான்.

தங்கவயலை விட்டுப் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தவர் வாடகைக்கு வீடு தேடும்போது இந்தக் கேள்வி வேறு உருவில் காத்திருக்கிறது. ‘நாய் உண்டா? என்ன சமைப்பீர்கள்?’ என்ற இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகவே வருகின்றன. இரண்டும் வாடையைப் பற்றிய கேள்விகள் போலத் தோன்றும். மாத வாடகையைப் போல் பல மடங்கு முன்பணம் வாங்கும் நகரம் அது. காலி செய்யும்போது ‘நாற்றம் போகவில்லை’ என்ற ஒற்றை வாக்கியத்தால் அதிலிருந்து பிடித்தம் செய்ய முடிகிறது. நாற்றத்துக்கு அளவுகோல் இல்லை, ரசீது இல்லை, மேல்முறையீடும் இல்லை. பெயர் கேட்டு, ஊர் கேட்டு, சாப்பாடு கேட்டுத் தீர்மானித்த முடிவுக்கு நாய் ஒரு நாகரிகமான காரணமாக உதவுகிறது.

அயோத்திதாசர் தொடங்கிய ‘தமிழன்’ இதழ் அவர் மறைவுக்குப் பின் மறுபடி வெளிவந்தது இந்தத் தங்கவயலிலிருந்துதான். தன்னைப் பற்றித் தானே எழுதத் தெரிந்த ஊர் இது. அங்கே தகவலாளி தேடி வரும் ஆய்வு மாணவர் தம் களக்குறிப்பில் ‘வீட்டில் விலங்கு நாற்றம் மிகுதி’ என்று எழுதுகிறார். நெறியாளர் அதை அடர்விவரணை என்று பாராட்டுகிறார். அந்த வரியை எழுதுமுன் மாணவர் அறிந்திருக்க வேண்டிய எளிய உடலியல் ஒன்று உண்டு. மூக்கு எந்த வாடைக்கும் விரைவில் பழகிவிடும். குடியிருப்பவருக்குத் தம் வீட்டின் வாடை தெரியாது. வந்தவருக்கும் சிறிது நேரம் கழித்துத் தெரியாது. ஆகவே ‘நாற்றம்’ என்று குறிப்பில் ஏறுவது எப்போதும் வெளியாளின் முதல் சில நிமிடங்கள். அதே மாணவரின் விடுதி அறைக்குள் அந்த வீட்டுப் பெண் நுழைந்தால் அவருடைய முதல் சில நிமிடங்களும் எழுதத்தக்கவையாகவே இருக்கும், ஆனால் அவற்றை எந்த ஆய்விதழும் வெளியிடாது.

எழுதியே தீர வேண்டும் என்றால் முழுமையாக எழுதட்டும். எந்த நேரம், மழை பெய்திருந்ததா, குழாயில் கடைசியாக நீர் வந்தது எந்தக் கிழமை, சன்னல் ஏன் சாத்தியிருந்தது, கூரை எங்கே ஒழுகியது, தரை எந்த ஆண்டு போட்டது, யார் போட்டது, அதைத் தேய்ப்பவர் காலை எத்தனை மணி ரயிலைப் பிடிக்கிறார், குறிப்பெடுத்தவர் உள்ளே எவ்வளவு நேரம் இருந்தார், கொடுத்த தேநீரைக் குடித்தாரா.